உப்புக்கறைக்குப் புளிப்பு, பிசுக்குக்குச் சோடா

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குளியலறை டைல்ஸ் சில மாதங்களிலேயே வெளிறிவிடும். குழாய்க்குக் கீழே, பக்கெட் வைக்கும் மூலையில், சுவரில் தண்ணீர் தெறிக்கும் உயரம்வரை வெள்ளைப் படலம் படியும். உப்புக்கறை என்று அதைச் சொல்கிறோம். ஆனால் அது சாப்பாட்டு உப்பு அல்ல. பெரும்பாலும் கடின நீரிலிருந்து படியும் கால்சியம் கார்பனேட். சோப்புத்தூள் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தாலும் அசையாது. புளிப்புக்குத்தான் இளகும்.

பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கியவர்களுக்குப் புளிப்பின் வேலை தெரியும். புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், வினிகரில் அசிட்டிக் அமிலமும் இருக்கின்றன. டைல்ஸுக்கு வினிகரே வசதி. புளி வெள்ளை இடுக்குகளில் நிறம் விட்டுவிடும். வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டிவையுங்கள். வெறுமனே தெளித்தால் சுவரில் வழிந்து ஓடிவிடும். 10 நிமிடம் கழித்துத் தேய்த்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இடுக்கில் இருப்பது சிமென்ட் பூச்சு என்றால், அமிலம் தங்கினால் அதையும் அரிக்கும்.

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் கதை வேறு. அங்கே தாளிப்பு தெறித்துத் தெறித்துக் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, சற்று ஊறவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

இரண்டையும் கலந்தால் பொங்குவதைப் பார்த்து இரட்டிப்புப் பலன் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

வினிகரும் எலுமிச்சையும் பளபளப்பான செராமிக், விட்ரிஃபைட் டைல்ஸுக்கு மட்டுமே. மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு இனம். மொசைக்கில் மார்பிள் சில்லும் சிமென்டும் உண்டு. ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்வது. எலுமிச்சைச் சாறு பட்டாலே இவை பளபளப்பை இழக்கும். அந்தத் தழும்பு தேய்த்துப் போகாது. இவற்றுக்கு மிதமான சோப்புத் தண்ணீரே நல்லது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் வினிகரையோ எலுமிச்சையையோ ஊற்றாதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு, ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் மூச்சையே அடைக்கும்.