ஐஸ் பெட்டியும் சிறு ஜெனரேட்டரும்

வெள்ள காலத்தில் மின்சாரம் தடைப்பட்டால், நம்மில் சிலர் சிறிய ஜெனரேட்டரை இயக்குகிறோம். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. ஐஸ் பெட்டியை இணைத்ததும் ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றுவிடுகிறது. இன்சுலின் மருந்தை உள்ளே வைத்திருக்கும் வீட்டுக்கு இது சிறிய தொல்லையன்று. 150 வாட் பெட்டியை 650 வாட் ஜெனரேட்டர் ஏன் தாங்கவில்லை?

செம்பனைக் குலை நிறைந்த தள்ளுவண்டியை நினைத்துப் பார்ப்போம். ஓடும் வண்டியை எளிதாகத் தள்ளுகிறோம். நிற்கும் வண்டியை அசைப்பதற்குள் முதுகு முறிகிறது. பெட்டியின் மோட்டாரும் அப்படித்தான். புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே மற்றவற்றை அணைத்துவிட்டுப் பெட்டியை முதலில் போடுவோம். அது ஓடத் தொடங்கிய பிறகு விளக்கைப் போடலாம். மெதுவாகப் புறப்படும் இன்வெர்ட்டர் வகைப் பெட்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஜெனரேட்டரின் புகையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு நஞ்சு உண்டு. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மழைக்குப் பயந்து அதை அஞ்சடியில்கூட வைக்கக் கூடாது. வெளியே, சன்னலுக்கு எட்டாத தூரத்தில், மேலே மட்டும் மறைப்புக் கட்டி வைக்க வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய கம்பி இழுத்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து, மோட்டார் சுழலாமல் சூடேறும். தடித்த கம்பியே வேண்டும்.

நின்றுபோன பெட்டியை உடனே மறுபடி போடக் கூடாது. உள்ளேயுள்ள வாயுவின் அழுத்தம் தணிய ஐந்து நிமிடமாவது விடுவோம். (பிள்ளைகள் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், கவனம்!) கதவைத் திறக்காதிருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும், ஆதலால் விட்டுவிட்டு இயக்கினாலே போதும்.