காகித ஆலை நீர்ப் பாசனம்: மண்ணைக் காக்கும் வழிகள்

கிழக்கே கொல்லிமலை, மேற்கே காவிரி என அமைந்தது நாமக்கல் மாவட்டம். இதன் ஆற்றங்கரை ஊரான பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1962-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆற்றின் கீழ்ப்போக்கில், தென்கரையிலுள்ள புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984-ல் இயங்கத் தொடங்கியது.

முன்பு மூங்கிலும் மரமுமே காகிதத்துக்கு முக்கிய மூலப்பொருள்களாக இருந்தன. புகளூர் ஆலை கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 300 கிலோ ஈரச்சக்கை கிடைக்கும். சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த இச்சக்கைக்கு ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ தரப்பட்டது.

கரும்பு ஆலைக்குப் போக, ஆலையின் நீர் வயலுக்கு வந்தது. புகளூரில் 1995-ல் தொடங்கிய நீரேற்றுப் பாசனத் திட்டத்தின் மூலம், சுத்திகரித்த கழிவுநீர் 1,000 ஏக்கருக்கு மேல் பாய்ச்சப்பட்டது. வானம் பார்த்த நிலத்துக்கு இது பெரும் உதவி. ஆனால் கவனம் தவறினால் நிலமே கெடும்.

மண் கெடுவது ஏன்?

சக்கையையும் மரத்தையும் கூழாக்கக் காஸ்டிக் சோடா பயன்படுகிறது. அதிலுள்ள சோடியத்தில் ஒரு பகுதி கழிவுநீரில் தங்கிவிடுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு கசடையும் அழுகும் பொருள்களையும் குறைக்குமே தவிர, கரைந்த உப்பை நீக்காது. சோடியம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. களித்துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைக்கின்றன. நீர் இறங்காது; காய்ந்தால் மண் இறுகும்; வேர் மூச்சுத்திணறும்.

செய்ய வேண்டியவை

* ஆண்டுக்கொரு முறை மண்ணையும் நீரையும் பரிசோதிக்க வேண்டும். நீரின் மின்கடத்து திறன் 2.25-க்கும், சோடியம் ஈர்ப்பு விகிதம் 10-க்கும் மேற்பட்டால் எச்சரிக்கை தேவை.
* களர்த்தன்மை தென்பட்டால், மண் பரிசோதனை கூறும் அளவு ஜிப்சம் இட்டு உழுது, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் இட்டும் பயனில்லை.
* ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடலாம். தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாளில் மடக்கி உழலாம்.
* முளைக்கும் பருவத்தில் கிணற்று நீரோ ஆற்று நீரோ பாய்ச்சுவது நல்லது. பின்னர் இரு நீரையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம்.
* தென்னை, தீவனப்புல் ஆகியவை உப்பை ஓரளவு தாங்கும். பயறு வகைகள் தாங்கா.
* அருகிலுள்ள கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். உப்பு ஏறுவது முதலில் அங்கே தெரியக்கூடும்.

ஆலை நீர் இலவசமாகக் கிடைக்கலாம். கெட்ட மண்ணைத் திருத்தும் செலவோ விவசாயியின் தலையில்தான் விழும். ஆகவே மடையைத் திறக்குமுன் வடிகாலை வெட்டிவிட வேண்டும்.