பத்து டொலர் மேம்பாடு: கண்ணுக்கு எட்டுவது எவ்வளவு?

தான் வெளியிடும் கேம்களைப் பிளேஸ்டேஷன் 4இல் வாங்கியவர்கள் பிளேஸ்டேஷன் 5 பதிப்பாக மாற்றிக்கொள்ள இனி 10 டொலர் என்று சொனி நிறுவனம் 2021 செப்டெம்பரில் அறிவித்தது. 2024இல் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ இரண்டாம் பாகமும் ‘ஹொரைசன் சீரோ டோன்’ கேமும் புதுப்பித்த பதிப்பாக வந்தபோது, பழையதை வைத்திருந்தவர்களிடம் அதே தொகையைக் கேட்டது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வெளியானதும் நின்டெண்டோவும் இதே வழிக்கு வந்தது. இரண்டு செல்டா கேம்களுக்குத் தலா 10 டொலர், புதிய கட்டங்கள் சேர்ந்த வேறு சிலவற்றுக்கு 20 டொலர். அமெரிக்காவில் இது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கண்டியில் அப்படியில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், நெருக்கடிக்குப் பின் 300 ரூபாவைச் சுற்றியே நிற்கிறது. ஆகவே 10 டொலர் என்பது 3,000 ரூபா. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவருக்கு 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் ஒரு கேமின் மேம்பாடு இரண்டு நாள் உழைப்பையும் தாண்டுகிறது. இவ்வளவு காசை ரசிகரின் ஆசைக்கும் விளம்பரத்தின் வார்த்தைக்கும் விட்டுவிட முடியாது. மேம்பாடு பெறுமதியானதா என்பதை அளந்தே சொல்லலாம். அளப்பதற்கு வேண்டியவை நம் வீட்டு ஹோலிலேயே இருக்கின்றன: டீவியின் அகலம், அதற்கும் இருக்கைக்கும் உள்ள தூரம், நம் கண்.

மேம்பட்ட பதிப்பு என்ற ஒரே பெயரின் கீழ் உண்மையில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று படத்தின் நுணுக்கம், அதாவது பிக்சல்களின் எண்ணிக்கை. மற்றது அசைவின் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை பிரேம் என்பது. மூன்றாவது புதிய கட்டங்கள், உடைகள், முன்கூட்டியே விளையாடும் உரிமை போன்ற கூடுதல்கள். விளம்பரத்தில் முதலில் வருவது 4கே என்ற சொல்தான். என் கணிப்பில் நம்மவர்களுக்கு மிகக் குறைந்த பயன் தருவதும் அதுவே.

கண் வைத்தியரின் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் 6/6 வரியை வாசிப்பவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். அதாவது பார்வையின் ஒரு பாகைக்குள் 60 பிக்சல் இருந்தால் அந்தக் கண்ணுக்குப் போதும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து செய்து 2025 ஒக்டோபரில் ‘நேச்சர் கொமியூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்த எல்லையை உயர்த்தியது. கறுப்பு வெள்ளை வடிவங்களை நேராகப் பார்க்கையில் சராசரிக் கண் பாகைக்கு 94 பிக்சல் வரை பிரித்தறிகிறது என்று அது அளந்தது. நிறுவனங்களுக்குச் சாதகமான இந்தக் கடுமையான எண்ணையே எடுத்துக்கொள்வோம். 43 அங்குல டீவியின் திரை ஏறக்குறைய 95 சென்ரிமீற்றர் அகலம். 1080பி படத்தில் அந்த அகலத்துக்குள் 1,920 பிக்சல். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர். 4கே படத்தில் 3,840 பிக்சல். ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றர் பிக்சல் 94 என்ற எல்லையைத் தொடுவது ஏறக்குறைய 2.7 மீற்றர் தூரத்தில், அதாவது ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவில். பழைய 60 என்ற கணக்கில் 1.7 மீற்றரே போதும். 32 அங்குல டீவி என்றால் புதிய எண்ணின்படியும் இரண்டு மீற்றரிலேயே எல்லை வந்துவிடும். அதற்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு 4கே பதிப்பு அனுப்பும் கூடுதல் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்தே தெரியும். கட்டுகஸ்தோட்டையிலோ அக்குறணையிலோ ஒரு வீட்டு ஹோலில் டீவி ஒரு சுவரிலும் கதிரைகள் எதிர்ச் சுவரோரமும் இருந்தால், இந்தத் தூரம் தானாகவே அமைந்துவிடுகிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த 94 ஆய்வுகூடத்தில் கூர்மையான கோடுகளை அசையாமல் காட்டி அளந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கேமில் கண் அவ்வளவு நுணுகிப் பார்ப்பதில்லை.

மேசையில் விளையாடுவோர் கதை வேறு. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள போடிங் அறைகளில் 24 அங்குல மொனிட்டரை 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்து விளையாடும் மாணவருக்கு, 1080பி படம் பாகைக்கு 38 பிக்சலையே தருகிறது. அவருடைய கண் இன்னும் நிறையப் பார்க்கும். ஆனால் அந்த மொனிட்டரே 1080பி என்றால் மேம்பட்ட பதிப்பின் பிக்சல்களுக்கு அங்கே இடமில்லை. ஓரங்கள் சற்று மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் முதலில் சேமிக்க வேண்டியது திரைக்கு.

அசைவின் விடயத்தில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. 2017இல் வந்த ‘செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்’ விநாடிக்கு 30 பிரேமில் ஓடியது, ஸ்விட்ச் 2 பதிப்பு 60இல் ஓடுகிறது. ஒரு பிரேம் திரையில் நிற்கும் நேரம் 33 மில்லிவிநாடியிலிருந்து 17ஆகக் குறைந்திருக்கிறது. இது ஏன் கண்ணுக்குத் தெரிகிறது? அதே 43 அங்குலத் திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரு குதிரை இரண்டு விநாடியில் ஓடுகிறது என்று வைப்போம். கண் அதைத் தொடர்ந்தபடியே நகர்கிறது. ஆனால் இன்றைய திரைகள் ஒவ்வொரு பிரேமையும் அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருப்பவை. கண் நகர்ந்துகொண்டிருக்கப் படம் நிற்பதால், குதிரையின் உருவம் விழித்திரையில் இழுபட்டுப் பதிகிறது. 30 பிரேமில் இழுபடும் நீளம் 1.6 சென்ரிமீற்றர், 60 பிரேமில் 0.8. கால் மில்லிமீற்றர் பிக்சலுக்குக் காசு கொடுத்துவிட்டு 30 பிரேமில் விளையாடினால், படம் அசையத் தொடங்கியதும் அந்த நுணுக்கம் முழுவதும் இந்த இழுபடலில் கரைந்துவிடுகிறது. ஆய்வும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் வோர்செஸ்டர் பொலிடெக்னிக் நிறுவனத்தில் மார்க் கிளேபூலும் குழுவினரும் சுடும் கேம்களை வைத்து 2006இல் நடத்திய ஆய்வில், பிரேம் வேகம் குறைந்தபோது விளையாடுபவரின் திறன் தெளிவாகச் சரிந்தது. பிக்சல்கள் குறைந்தபோது அந்தப் பாதிப்பு மிகச் சிறிது. இந்த நன்மையும் முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகாது. 30இலிருந்து 60க்குப் போனால் 17 மில்லிவிநாடி மிச்சம். 60இலிருந்து 120க்குப் போனால் 8 மட்டுமே, அதற்கும் 120 ஹேர்ட்ஸ் டீவி வேண்டும்.

ஆகவே கண்ணைப் பொறுத்தவரை காசு கொடுக்கத் தகுந்த மேம்பாடு 30இலிருந்து 60க்குப் போவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன 10 டொலர் கேம்களைத் திரும்பப் பாருங்கள். ‘லாஸ்ட் ஒஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தைப் பிளேஸ்டேஷன் 5இல் 60 பிரேமில் ஓட்டும் வசதியை 2021 மே மாதத்திலேயே சொனி இலவசமாகத் தந்துவிட்டது. ‘ஹொரைசன் சீரோ டோன்’ கேமுக்கும் அதே ஆண்டு ஓகஸ்டில் அது இலவசமாக வந்தது. கண் மிகத் தெளிவாக உணரும் பகுதி கையில் வந்து ஏறக்குறைய மூன்று வருடங்களுக்குப் பிறகு, மீதிக்குத்தான் 3,000 ரூபா கேட்கிறார்கள். செல்டாவுக்கு வாங்கும் 10 டொலருக்கோ 60 பிரேமே கிடைக்கிறது. பழைய ஸ்விட்சில் அதை நூறு மணி நேரம் விளையாடி முடித்தவருக்கு அல்ல, இனித்தான் தொடங்கப் போகிறவருக்கு அது நியாயமான விலை. ஒரே விலைச்சீட்டு, இரண்டு வேறு பெறுமதி.

மூன்றாவது சரக்கான கூடுதல்களில் கண்ணுக்கு வேலையில்லை. அங்கே ஏமாறுவது மனம். 2023 செப்டெம்பரில் ‘ஸ்டார்ஃபீல்ட்’ வந்தபோது, கேம் பாஸ் சந்தா உள்ளவர்கள் ஐந்து நாள் முன்னதாக விளையாட வேண்டுமென்றால் 35 டொலர், அன்றைய கணக்கில் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல், கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காசில் சேர்ந்திருந்த புதிய கதைப் பகுதியான ‘ஷட்டர்ட் ஸ்பேஸ்’ வந்து சேர்ந்தது 2024 செப்டெம்பர் 30இல். எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு ஒரு வருடம் முன்பே காசு போய்விட்டது. இப்படிக் கொடுக்க வைப்பது எது? ஜோயல் ஹியூபர், ஜோன் பெய்ன், கிறிஸ்டோபர் பூட்டோ மூவரும் 1982இல் காட்டிய ஒரு விளைவு இதற்கு விளக்கம் தருகிறது. இரண்டு தெரிவுகளுக்கு நடுவே, அவற்றில் ஒன்றைவிட எல்லாவிதத்திலும் தாழ்ந்த மூன்றாவதை வைத்தால், மக்கள் அந்த ஒன்றின் பக்கம் சாய்கிறார்கள். சாதாரணம், டீலக்ஸ், அல்டிமேட் என்று மூன்று பெட்டிகளை வரிசையாகப் பார்க்கும்போது நாமும் இதே போன்ற இழுப்புக்கு ஆளாகலாம். ஏற்கெனவே கொடுத்த காசும் நம்மைப் பிடித்து இழுக்கும். ஹால் ஆர்க்ஸ், கத்தரின் புளூமர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் பெற்றவர்களைவிட முதல் மாதங்களில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கேமுக்கு இருபதாயிரம் கொடுத்தாயிற்று, இன்னும் மூவாயிரத்துக்கு ஏன் பார்க்க வேண்டும் என்று மனம் சொல்வதும் இதே பிழைதான். முன்பு போன காசு இந்த மூவாயிரத்தின் பெறுமதியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

கண்டியில் இருப்பவருக்கு இதற்கு மேலும் சில இடர்கள் உண்டு. வெளிநாட்டு விமர்சகர்கள் இவற்றை எழுதுவதில்லை. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ இரண்டுக்கும் இலங்கைக்கென்று ஒன்லைன் கடை கிடையாது. வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்நாட்டுப் பரிசு அட்டையை இடையில் ஒருவரிடம் வாங்கியே மேம்பாட்டைப் பெற வேண்டும்; அவருடைய இலாபமும் விலையில் சேரும். இங்கே கைமாறும் பாவித்த டிஸ்குகள் ஐரோப்பா, மத்திய கிழக்கு, அமெரிக்கா என்று பல திசைகளிலிருந்து வந்தவை. டிஸ்க் எந்தக் கணக்கிலும் ஓடும். மேம்பாடு அப்படி ஒட்டாது: டிஸ்கின் பிரதேசமும் கணக்கின் பிரதேசமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கக் கீழ்மூலையைப் பாருங்கள். 12, 16, 18 போன்ற எண் இருந்தால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வெளியீடு. டீ, எம் போன்ற ஆங்கில எழுத்து இருந்தால் அமெரிக்க வெளியீடு. அமெரிக்கக் கணக்கில் வாங்கிய மேம்பாடு ஐரோப்பிய டிஸ்குக்குப் பயன்படாமல் போகலாம். மேலும், டிஸ்கிலிருந்து மேம்படுத்தியவர் ஒவ்வொரு முறையும் அந்த டிஸ்கைப் போட்டே விளையாட வேண்டும். பாவித்த டிஸ்கை வாங்கி, முடித்து, விற்று அடுத்ததை எடுப்பதே நம் ஊரில் கேம் செலவைத் தாங்கும் வழி. மேம்பாடோ கணக்கோடு கட்டப்பட்டது. டிஸ்கை விற்கும் நாளில் அந்த 3,000 ரூபாவில் ஒரு சதமும் திரும்பி வராது. பதிவிறக்கமும் சும்மா இல்லை. 100 ஜிபி அளவுள்ள பதிப்பை விநாடிக்கு 20 மெகாபிட் இணைப்பில் இறக்கினால் பதினொரு மணி நேரம் பிடிக்கும். டேட்டா அளவு கட்டிய பெக்கேஜில் இருப்பவருக்கு அதுவும் காசு.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் உண்மையும் உண்டு. உழைத்தவர்களுக்குக் கூலி வேண்டாமா என்பது முதல் மறுப்பு. கட்டாயம் வேண்டும். புதிய கட்டங்களைக் கட்டியிருந்தால், ‘லாஸ்ட் ஒஃப் அஸ்’ புதுப்பித்த பதிப்பின் ‘நோ ரிட்டர்ன்’ ஆட்டமுறை போலப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தால், அதை விளையாடப் போகிறவர் காசு கொடுப்பது நியாயம். ஆனால் மேம்பாட்டின் விலை எப்போதும் உழைப்பின் அளவைச் சொல்வதில்லை. 2021இல் ‘ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட்’ கேமின் சாதாரணப் பதிப்பை வாங்குவோருக்கு இலவச மேம்பாடு இல்லை என்று அறிவித்த சொனி, ரசிகர்கள் கொதித்தெழுந்ததும் ஓரிரு நாளில் அதை இலவசமாக்கியது. 2015இல் வந்த ‘விட்சர் 3’ கேமுக்கு 2022 டிசெம்பரில் பெரியதொரு மேம்பாட்டைச் சிடி புரொஜெக்ட் ஒரு சதமும் வாங்காமலே கொடுத்தது. இரசனையை எண்ணால் அளக்க முடியுமா என்பது இரண்டாவது மறுப்பு. இரசனையை அளக்க முடியாது. கண்ணுக்கு எட்டாத ஒன்றை இரசிக்கவும் முடியாது. சராசரியைவிடக் கூர்மையான கண் உள்ளவர்கள் இருக்கிறார்கள், பெரிய 4கே டீவிக்கு முன் நெருங்கி அமர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை மாறும், மாற வேண்டும். பிறகு பெரிய டீவி வாங்கும்போது உதவுமே என்பது மூன்றாவது. டீவி வந்த அன்றைக்கே மேம்பாட்டை வாங்கலாம். டிஜிட்டல் சரக்கு தீர்ந்துபோவதில்லை. கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீமிலும் பிளேஸ்டேஷன் கடையிலும் காலப்போக்கில் விலை இறங்குவதே வழக்கம்.

ஆகவே சுருக்கமாக என் தீர்ப்பு: 30 பிரேமை 60 ஆக்கும் மேம்பாட்டுக்கும், நீங்கள் உண்மையாகவே விளையாடப் போகும் புதிய கட்டங்களுக்கும் கொடுங்கள். ஒன்பது அடி தூரத்தில் அமர்ந்து 43 அங்குல டீவியில் விளையாடுகிறவர் 4கே என்ற சொல்லுக்காக ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். வெளிவராத எதற்கும் யாரும் கொடுக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் வாங்கும் முன் திருப்பிக் கொடுக்கும் விதியை வாசித்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால் பொதுவாக அந்த உரிமை போய்விடும். ஸ்டீமில் அதே 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரம் முடியும் முன்பே சோதித்துப் பாருங்கள். வழக்கமாக அமரும் இடத்திலிருந்து பார்த்து வித்தியாசம் தெரியவில்லை என்றால், தயங்காமல் காசைத் திருப்பிக் கேளுங்கள்.