ஹெரால்டுக்கு உறவுக்காரர்கள் உண்டு

தாத்தா காலத்து ட்ரயம்ஃப் ஹெரால்டு, அதுவும் மடக்குக் கூரை மாடல், கொட்டகையில் கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். “பார்ட்ஸ் எங்கே சார் கிடைக்கும்?” என்பார்கள். காரின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. அதன் சொந்தபந்தத்தைத் தேட வேண்டும்.

1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதன் உடன்பிறப்பு. ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் சாமான்களை முதலில் அதில் தேடலாம். 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டின் சாமான்களை வைத்து உருவானதுதான்.

ஆனால் முகஜாடையை நம்பி ஏமாறக்கூடாது. நம்மூர் ஹெரால்டு எஞ்சின் 948 சி.சி.; சிலிண்டர் விட்டம் 63 மி.மீ. இங்கிலாந்தில் வந்த ஹெரால்டு 1200-க்கு 69.3. ஒன்றின் பிஸ்டன் மற்றதில் உட்காராது. 1972-ல் வந்த கெஸலும் நெருங்கிய உறவுதான். ஆனால் பின் ஆக்சில் வேறு மாதிரி. ஹெரால்டில் இரு பின்சக்கரமும் தனித்தனியாக ஆடும், கெஸலில் ஒரே முழு ஆக்சில். மலிவு என்று வாங்கினால் அப்படியே மாட்ட முடியாது.

போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. மெக்கானிக் அவசரத்தில் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் மரை போச்சு! டில்லி மாயாபுரியோ சென்னை புதுப்பேட்டையோ, போகும்போது பழைய சாமானையும் ஒரு வெர்னியரையும் கையோடு கொண்டுபோங்கள்.