விழிக்க மறுக்கும் கணினி

நேயர்களே, அட்டாளைச்சேனை என்னும் ஊர்ப்பெயரிலே இரண்டு சொற்கள் அடங்கியிருக்கின்றன. அட்டாளை என்பது காவற்பரண். சேனை என்பது காடு வெட்டிப் பயிரிட்ட நிலம். பரண்மீது விழித்திருந்து பயிரைக் காத்த காலம் கடந்துவிட்டது. காக்கவேண்டிய பொருள்களோ பெருகியிருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, பாடசாலையின் புள்ளிப்பதிவு, மருந்தகத்தின் கையிருப்பு, நெல்லாலையின் கொள்வனவு விபரம் ஆகிய யாவும் இன்று ஏட்டைவிட்டுக் கணினிக்குள் குடியேறிவிட்டன. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையைத் தாக்கியபோது, மனித உயிர்களோடு ஏடுகளும் பத்திரங்களும் கடலோடு போயின. தம் பெயரையும் காணியையும் உறுதிப்படுத்த ஒரு தாள்கூட இன்றி நின்றவர்கள் பலர். பதிவு ஒன்று அழிவதன் பொருள் யாது என்பதை இக்கரையோர மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இப்பதிவுகளைச் சுமந்து நிற்பது பெரும்பாலும் அலுவலகத்தின் ஒரு மூலையில் உள்ள பழைய பெட்டியாகும். சேர்வர் என்று பலரும் அழைக்கும் வழங்கிக் கணினி அது. கடற்காற்றின் உப்பு அதன் உலோகப் பாகங்களை அரிக்கிறது. வெப்பம் அதனை வாட்டுகிறது. திடீரென நின்று வரும் மின்சாரம் அதன் வன்றட்டைப் பழுதாக்குகிறது. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறந்துவிடவில்லை. பெட்டி முதுமை அடைந்துவிட்டது. அதன் உதிரிப்பாகங்கள் கடைகளில் கிடைப்பதில்லை. அதில் ஓடும் மென்பொருளை எழுதியவர் எங்கிருக்கிறார் என்பதும் தெரியாது. இந்நிலையில் நிபுணர்கள் கூறும் வழி, அப்பழைய கணினியை அப்படியே மெய்நிகர் கணினியாக மாற்றிவிடுவதாகும்.

மெய்நிகர் கணினி என்பது யாது? ஒரு வலிய கணினிக்குள்ளே, மென்பொருளின் துணையால் தோற்றுவிக்கப்படும் மற்றொரு கணினி அது. அதற்கும் நினைவகம் உண்டு, வன்றட்டு உண்டு, வலையமைப்பு அட்டை உண்டு. ஆனால் அவற்றுள் எதனையும் கையால் தொட முடியாது. இக்கருத்து புதிதன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். சாதாரண மேசைக் கணினியில் இயங்கும் வகையில் வி.எம்.வெயார் நிறுவனத்தின் மென்பொருள் 1999 இல் வெளிவந்தது. லினக்ஸின் கெர்னலுக்குள் கே.வி.எம். என்னும் அமைப்பு 2007 இல் இடம்பெற்றது. பழைய கணினியின் வன்றட்டு முழுவதையும் ஒரு பெரிய கோப்பாகப் பிரதிசெய்து, அக்கோப்பினையே மெய்நிகர் கணினியின் வன்றட்டாகப் பொருத்துவதே மாற்றத்தின் சாரம்.

கேட்பதற்கு எளிது. ஆனால் பிரதி முடிந்து புதிய கணினியை இயக்கினால், பல வேளைகளில் அது விழிக்க மறுக்கிறது. கருந்திரையில் ஒரு வரி ஆங்கிலம் தோன்றி அப்படியே நிற்கிறது. அலுவலகத்தில் இருப்போர் திகைத்துப்போய், எல்லாம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டி, தட்டினை வெறுமையாக்கிப் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவ முற்படுவர். பெரும் நட்டம் நேர்வது அந்தக் கணத்திலேதான். உண்மையில், பெரும்பாலான இத்தகைய சந்தர்ப்பங்களில் தரவுகள் ஒன்றும் அழியவில்லை. எழும்பும் வழிதான் அறுந்திருக்கிறது. அதனைச் செப்பனிட முடியும்.

கணினி எழும்பும் விதத்தைச் சற்று நோக்குவோம். மின்சாரம் பாய்ந்தவுடன் கணினிக்கு ஒன்றும் தெரியாது. தன் சொந்தக் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது போன்ற செயல் இது என்று கருதியே ஆங்கிலத்தில் இதற்குப் பூட் என்று பெயரிட்டனர். முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள நிலைப்பொருள். அது வன்றட்டில் உள்ள சிறிய நிரல் ஒன்றைத் தேடி எடுக்கிறது. அதுவே பூட்லோடர், அஃதாவது தொடக்க ஏற்றி. ஏற்றியானது கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்றட்டினைக் கண்டு, அதிலுள்ள முதன்மைக் கோப்பமைப்பைத் திறக்கிறது. அதன் பின்னரே நமது கணக்குகளும் பதிவுகளும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு படியும் அடுத்த படியின் முகவரியை மாத்திரமே அறியும். முகவரி ஒன்று பிழைத்தால் அவ்விடத்திலேயே எல்லாம் நின்றுவிடும்.

நம் கமக்காரர்களுக்கு இது புரியாத விடயமன்று. இங்கினியாகலையில் நீர் நிறைந்திருக்கும். ஆயினும் வட்டையில் நீர் வராது. அதற்காக எவரும் வயலை வெட்டிப் புரட்டுவதில்லை. வட்டவிதானையார் வாய்க்கால் வழியே நடந்து, நீர் எந்த மதகுவரை வந்து நிற்கிறது என்று பார்க்கிறார். அந்த மதகைத் திறந்துவிடுகிறார். கணினியைச் செப்பனிடுபவனும் அதனையே செய்யவேண்டும். திரையில் தோன்றும் வரி, நீர் எந்த மதகில் நின்றதென்பதைச் சொல்லும் அடையாளம்.

முதலாவது மதகு நிலைப்பொருள். இயக்குவதற்குரிய தட்டு எதுவும் இல்லை என்று திரை கூறினால் பிழை பெரும்பாலும் இங்கே இருக்கும். நிலைப்பொருளில் இருவகை உண்டு. பழையது பயோஸ், புதியது யூ.ஈ.எஃப்.ஐ. பயோஸ் முறையிலே தட்டின் முதலாவது துண்டம், அஃதாவது 512 பைற்றுகள் கொண்ட சிறு பகுதி, வாசிக்கப்படும். அதில் 446 பைற்றுகள் நிரலுக்கும், 64 பைற்றுகள் பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டு அடையாளக் குறிக்கும் உரியன. 1983 ஆம் ஆண்டு தொட்டு வழங்கிவரும் ஏற்பாடு இது. யூ.ஈ.எஃப்.ஐ. முறையிலோ, தட்டில் உள்ள தனிப்பிரிவு ஒன்றில் ஏற்றி ஒரு கோப்பாக இருக்கும். எந்தக் கோப்பை எடுக்கவேண்டும் என்னும் குறிப்பு தாய்ப்பலகையின் நினைவிலே பதிந்திருக்கும். தட்டினைப் பிரதிசெய்யும்போது தாய்ப்பலகையின் நினைவு உடன் வருவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஆகவே பழைய கணினி பயோஸ் முறையில் எழுந்ததாயின் மெய்நிகர் கணினியையும் பயோஸ் முறையிலேயே அமைத்தல் வேண்டும், யூ.ஈ.எஃப்.ஐ. ஆயின் அவ்வாறே. மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி அமைப்பில் முதலாம் தலைமுறைக் கணினி பயோஸையும், இரண்டாம் தலைமுறை யூ.ஈ.எஃப்.ஐ.யையும் கொண்டது; ஒருமுறை தெரிந்தெடுத்தபின் தலைமுறையை மாற்ற இயலாது. குறிப்பு தொலைந்த யூ.ஈ.எஃப்.ஐ. கணினியில், நிலைப்பொருளின் பட்டியலைத் திறந்து ஏற்றிக் கோப்பினை நாமே காட்டிக்கொடுக்கலாம். அல்லது, குறிப்பு இல்லாதபோது நிலைப்பொருள் தானாகத் தேடும் பொது இடத்தில் அக்கோப்பின் பிரதி ஒன்றை வைக்கலாம். ஈ.எஃப்.ஐ. என்னும் கோப்புறையினுள் பூட் என்னும் உட்கோப்புறையே அவ்விடம்.

இரண்டாவது மதகு ஏற்றி. லினக்ஸ் கணினியில் கிரப் ரெஸ்கியூ என்னும் சொற்கள் தோன்றி நின்றால், ஏற்றியின் முதற்பகுதி விழித்துவிட்டது, ஆனால் மறுபகுதியைக் காணவில்லை என்று பொருள். பயோஸ் முறையில் கிரப்பின் ஒரு பாகம் தட்டின் முதற்றுண்டத்திலும், அதற்கும் முதற்பிரிவுக்கும் இடைப்பட்ட வெளியிலும் தங்கியிருக்கும். பிரிவுகளை மாத்திரம் தனித்தனியே பிரதிசெய்தவர்கள் இப்பாகத்தை அறியாமலே விட்டுவிடுகின்றனர். மீட்புத் தட்டொன்றினால் மெய்நிகர் கணினியை இயக்கி, பழைய கோப்பமைப்பைப் பொருத்தி, அதனுள்ளே நுழைந்து, கிரப்-இன்ஸ்டால் என்னும் கட்டளையால் ஏற்றியை மீண்டும் பதிக்கவேண்டும்; பின்னர் அதன் அமைப்புக் கோப்பையும் புதிதாக ஆக்கவேண்டும். வின்டோஸில் நிறுவற் தட்டின் மீட்புப் பகுதிக்குச் சென்று, பயோஸ் முறையாயின் பூட்ரெக் கட்டளையால் முதற்றுண்டத்தையும், இரு முறைகளிலும் பி.சி.டி.பூட் கட்டளையால் தொடக்கக் கோப்புகளையும் திரும்ப எழுதலாம்.

மூன்றாவது மதகு கெர்னல் தட்டினைக் காணும் இடம். அதிகமானோர் இடறுவது இங்கேதான். பழைய பெட்டியில் வன்றட்டைக் கட்டுப்படுத்திய அட்டை வேறு. மெய்நிகர் கணினி காட்டும் அட்டை வேறு. புதிய அட்டைக்குரிய செலுத்தி மென்பொருள் தொடக்கத்திலேயே கையில் இல்லாவிடில், கெர்னல் தட்டின் வாசலில் நின்றும் உள்ளே புக முடியாது. வின்டோஸ் நீலத்திரையில் 7பி என முடியும் பிழையெண்ணைக் காட்டி நிற்கும். லினக்ஸ் முதன்மைக் கோப்பமைப்பைப் பொருத்த இயலவில்லை என்று அறிவித்து நின்றுவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. மெய்நிகர் தட்டினை முதலில் பழைய ஐ.டி.ஈ. அல்லது சாட்டா வகையாகக் காட்டி எழுப்புதல் வேண்டும். வின்டோஸ் எழுந்தபின் வேர்ட்-ஐ.ஓ. வகையில் ஒரு சிறிய இரண்டாம் தட்டைச் சேர்த்து, அதற்குரிய செலுத்தியை நிறுவி, பின்னர் முதன்மைத் தட்டினை அவ்வகைக்கு மாற்றலாம். லினக்ஸில் தொடக்க நினைவகக் கோப்பினை எல்லாச் செலுத்திகளோடும் மீளக் கட்டுவித்தல் வேண்டும். ரெட் ஹட் குடும்பத்து முறைமைகளில், கிரப் பட்டியலின் இறுதியில் காணும் ரெஸ்கியூ என்னும் தெரிவு பல செலுத்திகளையும் உடன் கொண்டது. முதன்முறை எழுப்புவதற்கு அது பேருதவி. 2008 இற்கு முந்திய கெர்னல்களில் வேர்ட்-ஐ.ஓ. செலுத்தி இடம்பெறவே இல்லை. அவற்றுக்குப் பழைய வகைத் தட்டே பொருத்தமானது.

நான்காவது மதகு பெயர். பழைய கணினியில் எஸ்.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட தட்டு, புதிய இடத்தில் வி.டி.ஏ. என்று அழைக்கப்படலாம். தெருவில் மூன்றாவது வீடு என்று முகவரி எழுதுவதற்கும், வீட்டுக்காரரின் பெயரை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஒவ்வொரு கோப்பமைப்புக்கும் யூ.யூ.ஐ.டி. என்னும் தனி அடையாள எண் உண்டு. எஃப்.எஸ்.டாப் கோப்பிலும் கிரப்பின் அமைப்பிலும் அவ்வெண்ணையே எழுதிவைத்தால், தட்டு எங்கே சென்றாலும் அடையாளம் மாறாது. வலையமைப்பு அட்டையின் பெயரும் மாறுமாதலால், எழுந்த கணினி வலையமைப்பில் தோன்றாவிடின் அங்கும் நோக்குதல் வேண்டும்.

இவை யாவும் நோய் வந்தபின் செய்யும் மருத்துவம். முன்னெச்சரிக்கையே மேலானது. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, அது எந்த நிலைப்பொருளில் எழுகிறது, தட்டில் எத்தனை பிரிவுகள், அவற்றின் அடையாள எண்கள் யாவை என்பனவற்றை ஒரு தாளில் எழுதிவைக்கவேண்டும். புதிய அட்டைக்குரிய செலுத்திகளை அங்கேயே சேர்த்துவிடல் வேண்டும். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டே பிரதி எடுக்கவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் கணக்கைப் பிரதிசெய்தால் பாதி வரியோடு நிற்கும் ஏடே கிடைக்கும். செப்பனிடும் முயற்சிகளைப் பிரதியின் மற்றொரு பிரதியிலேயே செய்யவேண்டும். பழைய கணினியையும் புதியதையும் ஒரே வேளையில் வலையமைப்பில் இணைக்கலாகாது. ஒரே முகவரியோடு இருவர் எழுந்து நின்றால் கடிதம் யாருக்குச் செல்லும்?

மற்றுமொரு தவறான எண்ணத்தையும் இங்கே களையவேண்டும். மெய்நிகராக மாற்றிவிட்டதனால் மட்டும் பதிவுகள் காப்புப் பெற்றுவிடுவதில்லை. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் முகிற் கணினி அமைப்பு கப்பம் கோரும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாகி, மே மாதத்திலிருந்து சேர்ந்த அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குரிய காப்புப் பிரதி இல்லாமையே காரணம். பழைய முறைமைகளின் நிலையும் கவலைக்குரியதே. வின்டோஸ் சேர்வர் 2012 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஒக்டோபரிலும், சென்ட்-ஓ.எஸ். 7 இற்கானவை 2024 ஜூனிலும் நின்றுபோயின. புதிய வீட்டில் வைத்தாலும் பழைய முறைமை பழையதே. அதனை இணையத்தினின்றும் விலக்கி வைத்து, அது தரும் அவகாசத்தில் தரவுகளைப் புதிய முறைமைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

நேயர்களே, கருந்திரையைக் கண்டதும் அஞ்சி அழிப்பது எளிது. நின்று, நீர் எதுவரை வந்தது என்று பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். அத்தட்டிலே ஒரு விதவையின் சேமிப்புக் கணக்கு இருக்கலாம். ஒரு மாணவனின் புள்ளிகள் இருக்கலாம். ஆதலால் புதிய கணினி விழித்தெழுந்து, ஒரு மாத காலமாவது கணக்குகள் சரிவர நடைபெற்று, காப்புப் பிரதியொன்று கரையோரத்துக்கு வெளியே வேறோர் ஊரிலும் சேமிக்கப்படும் வரையில், பழைய வன்றட்டை எவரும் வெறுமையாக்காதிருப்பாராக.