ஒரு சாண் இடைவெளி

கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெருநோயாளியின் தகரக் குவளையில் நாம் காசு போடும் விதத்தை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஒரு சாண் உயரத்திலிருந்தே காசு விழும். தர்மம் செய்வோம், அந்த ஒரு சாண் இடைவெளியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அதைக் கடந்த ஒரு கையின் வரலாற்றைச் சொல்லுவோம். டாக்டர் பால் பிராண்டு, ஆங்கிலப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-ஆம் வருஷம் பிறந்தவர். வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் ரணசிகிச்சை நிபுணராக இருந்த அவர், 1947-ல் செங்கற்பட்டுக் குஷ்டரோக ஆஸ்பத்திரியைப் பார்க்கச் சென்றார். அங்கே, முன்பின் அறியாத ஒரு நோயாளியின் விரல்கள் கொக்கிபோல் மடங்கியிருக்கக் கண்டார். தமது கையை அவ்விரல்களுக்குள் நுழைத்து, பலங்கொண்ட மட்டும் பிடிக்கும்படி கேட்டுக்கொண்டார். மறுகணம் வலி பொறுக்க முடியவில்லை! பயனற்றதென்று உலகம் தள்ளிவிட்ட கையில் அத்தனை பலம் இருந்தது.

அந்தப் பிடியிலிருந்தே ஒரு வைத்திய முறை பிறந்தது. இந்நோய் நரம்புகளைக் கெடுப்பதால் கையின் சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. முன்கையின் வலிய தசைகளோ பிழைத்திருக்கின்றன. அவற்றின் தசைநாரை மாற்றி இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார் பிராண்டு.

மற்றொரு சமயம், ஓர் இளைஞரின் தோளில் கை வைத்துச் சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தார். இளைஞர் விம்மி அழலானார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டோமோ என்று டாக்டர் திகைத்தார். காரணம் வேறு: பல வருஷங்களாக ஒருவரும் அவரைத் தொட்டதே இல்லை!

சேவாக்கிராமத்துக்கு 1939-ல் வந்த பர்சூரே சாஸ்திரி என்ற பெருநோயாளிக்கு மகாத்மாவும் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார். இரங்கித் தொடுவது வேறு. மதித்துத் தொடுவது வேறு. பிராண்டு நோயாளியின் பலத்தைக் கேட்டு வாங்கினார். ரணசிகிச்சை செய்பவருக்கு ஜீவாதாரமான விரல்களை அந்நியர் ஒருவரின் பிடியில் ஒப்படைத்தார். முதலில் நம்பியவர் வைத்தியரே.

இன்று இந்நோய் முற்றிலும் குணமாகிறது; மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். சாதாரணமாகத் தொடுவதால் நோய் தொற்றிவிடாது. நோயாளிகளை ஒதுக்கிவைக்க 1898-ல் இயற்றப்பட்ட சட்டமும் 2016-ல் ஒழிந்தது. சட்டம் போயிற்று, சாண் இடைவெளி போகவில்லை.

அடுத்த முறை காசைக் கையிலேயே கொடுப்போம். "சௌக்கியமா, ஐயா?" என்று ஒரு வார்த்தையும் கேட்போம்.