கார் நிக்கோபார் பிள்ளைகளும் ஒரு தமிழ் உபதேசியாரும்



நம் பட்டணத்துப் பிள்ளைகள் பள்ளி வேனுக்காகக் காத்து நிற்கும் காலை வேளையில், வங்கக் கடலிலுள்ள கார் நிக்கோபார் தீவின் பிள்ளைகளும் பள்ளிக்குப் புறப்படுகிறார்கள். வழியெங்கும் தென்னந்தோப்புகள். பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போடுவதும் அவ்வூர் வீட்டு வேலைகளில் ஒன்று. பள்ளி விட்டால் கால்பந்து. அதில் அவர்களுக்கு இருக்கும் பிரியம் சொல்லி முடியாது. வீட்டில் பேசுவது நிக்கோபாரி மொழி. வகுப்பிலே கேட்பதோ இந்தியும் ஆங்கிலமும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அரசின் அனுமதிச் சீட்டின்றி வெளியார் அங்கே கால்வைக்க இயலாது. ஆகையால் அப்பிள்ளைகளைக் குறித்து நாம் அறிந்தது சொற்பமே. ஆயினும் அவர்களுடைய கல்வியின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார்.

அவர் பெயர் வேதப்பன் சாலொமோன். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அரசாங்கத்தின் முகவராகவும், ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியாராகவும் மூஸ் என்னும் கிராமத்தில் தங்கி, பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். (நம்முடைய சபைப்பிரிவு அல்லவே என்று சிலர் நினைக்கலாம். அந்நாளில் அந்தக் கடலைக் கடந்து போனவர் அவர்தாம்.) அவரிடம் படித்த சிறுவன் ஒருவன் பர்மாவிலுள்ள மண்டலேக்கு மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டான். அவனே பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்.

1912இல் ஆசிரியராகத் தீவுக்குத் திரும்பிய ரிச்சர்ட்சன், எழுத்தில்லாதிருந்த தம் ஜனத்தின் பேச்சை ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு எழுதும் வழக்கத்தை வேரூன்றச் செய்தார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் சிறைப்பட்டார். தம் சொந்தக் குமாரனையும் பறிகொடுத்தார். அப்படியும் 1950இல் நிக்கோபாரி மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1952இல் முதல் மக்களவைக்கு அவர் நியமிக்கப்பட்டார். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தப் பதவி அல்ல. வகுப்பிலே அந்நிய மொழிகளோடு போராடும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தன் தாயின் மொழியில் வேதத்தை வாசிக்கிறதே, அதுவே பெரிது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரையோரக் கிராமங்களைச் சுனாமி வாரிக்கொண்டு போயிற்று. தப்பினவர்கள் தீவின் உட்பகுதிக்குப் போய், தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காய்க் குடியிருந்தார்கள். வீடும் பள்ளியும் ஆலயமும் போன பின்னும் அந்தப் பிள்ளைகளிடத்தில் அவர்கள் மொழி மீந்திருந்தது.

இப்பொழுது நம் வீடுகளைப் பாருங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்துக்களில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். நிக்கோபாரியருக்கு வேறு எழுத்து இல்லை. அதனால் அப்படி எழுதினார்கள். நமக்கோ 1715இலேயே தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சேறிற்று. "தமிழ் படித்து என்ன வேலை கிடைக்கும், பாஸ்டர்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. வேலைக்காக மற்ற மொழிகளைப் படிக்கட்டும், நான் தடை சொல்லவில்லை. ஊரில் இருக்கும் பாட்டி போனில் ஜெபிக்கும்போது, அந்த ஜெபத்தைப் பேரப்பிள்ளைக்கு யார் மொழிபெயர்ப்பது? பெந்தெகொஸ்தே நாளிலே கூடிவந்தவர்கள் தங்கள் தங்கள் ஜென்ம பாஷையிலே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள் என்று பிரசங்கிக்கிறவர்கள் நாம்.

சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் போதும். ஒரு கரும்பலகை, மாற்கு எழுதின சுவிசேஷம், எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லித்தர ஒரு சகோதரி. உங்கள் சபையில் ஏற்கெனவே இவ்வகுப்பு நடைபெறுமானால், எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எவ்விதமாய்க் கற்பிக்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.